அரண்மனைக்கும் ஊருக்கும் ஒரே வெளிச்சம்

மாந்தோப்பூர் சமஸ்தானத்துக்கு மின்சாரம் வந்தபோது ஊர் சின்னது. அருவியடியில் ஒரே ஓர் இயந்திரம். அரண்மனைக்கும் நாலைந்து தெருவுக்கும் அது தாராளமாகப் போதும். பிறகு நூற்பாலை வந்தது. ஆலையைத் தேடி ஜனம் வந்தது. பொட்டலெல்லாம் வீடு முளைத்தது. இயந்திரம் மட்டும் பழையதுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர் பல்புகள் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து தொங்கும். வெளிச்சம் மட்டும் வராது.

அரண்மனைக்குத் தனிக் கம்பி. அதனால் ராஜா கோதண்டராயருக்கு ஊர் இருண்ட சங்கதியே தெரியாது.

ஆஸ்தான விகடகவி ஏகாம்பரநாதருக்குத் தெரியும். அவர் மகளுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஒரு கையில் அரிக்கேன் விளக்கோடுதான் குழந்தையை ஏந்தினாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல். சிரிக்கவைத்தே பிழைப்பு நடத்திய மனிதருக்கு அதன்பிறகு பல நாள் சிரிப்பே வரவில்லை.

சபையில் எழுந்து நின்று, ஊர் பெருத்துவிட்டது, பெரிய இயந்திரமும் தடித்த கம்பியும் வேண்டும் என்று கேட்டார். திவான் சேஷகிரி ராவ் குறுக்கே விழுந்தார். விளக்கில் குறையில்லையாம், ஜனங்களின் கண்ணில்தான் கோளாறாம். அதோடு விட்டாரா? விகடகவி மகா கெட்டிக்காரர், புதுச் சாமான் எதுவும் இல்லாமல் அவரே சரிசெய்யட்டுமே என்று ஒரு கொக்கியும் போட்டார்.

ராஜாவுக்கு அந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. "ஏகாம்பரம், புது இயந்திரம் கூடாது. புதுக் கம்பி கூடாது. வெள்ளிக்கிழமை முதல் அரண்மனை விளக்குக்கும் ஊர் விளக்குக்கும் இம்மியும் வித்தியாசம் இருக்கக் கூடாது. முடியாவிட்டால் சபைப் பக்கம் தலைகாட்டாதே."

"உத்தரவு" என்று ஏகாம்பரநாதர் கும்பிட்டார். திவான் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தது. ராஜாவும் திவானும் விருந்துக்கு உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே சரவிளக்கு செக்கச்செவேலென்று சோம்பிக் கிடந்தது. அதிரசம் என்று ராஜா கடித்தது எலுமிச்சை ஊறுகாய். பாயசம் என்று திவான் மடமடவென்று குடித்தது மிளகு ரசம். அவர் இருமி அடங்கவே வெகுநேரம் ஆயிற்று.

கூப்பிட்டு அனுப்பியதும் ஏகாம்பரநாதர் வந்து பவ்யமாக நின்றார்.

"இது அரண்மனையா, வௌவால் மண்டபமா? என்ன செய்தாய்?"

"சொன்னதைத்தான் செய்தேன், மகாராஜா. தனிக் கம்பியை அவிழ்த்து, பின்மதில் ஓரமாகப் போகிற ஊர்க் கம்பியில் அரண்மனையைச் சேர்த்துக் கட்டச் சொன்னேன். இனி இம்மியும் வித்தியாசமில்லை."

"ஊரை அரண்மனைக்குச் சமமாக்கு என்றல்லவா நான் சொன்னேன்?"

"வித்தியாசம் இருக்கக் கூடாது என்றுதான் சொன்னீர்கள். ஊரை மேலே ஏற்றப் பெரிய இயந்திரம் வேண்டும். அரண்மனையைக் கீழே இறக்க ஓர் ஏணியும் குறடும் போதும்."

 ராஜாவின் வாயில் ஊறுகாய்க் காரம் இன்னும் எரிந்தது. "தினமும் ஊரில் இப்படியா?" என்று மெல்லக் கேட்டார். ஏகாம்பரநாதர் மருத்துவச்சியின் அரிக்கேன் விளக்கைப் பற்றிச் சொன்னார். அதில் வேடிக்கை எதையும் கலக்கவில்லை.

அந்த இடத்திலேயே உத்தரவு பிறந்தது. பெரிய இயந்திரம் வரும். தெருவெல்லாம் தடித்த கம்பி ஓடும். பிரசவ ஆஸ்பத்திரிக்கே முதல் இணைப்பு.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"கம்பி போய் முடிகிற கடைசிக் கம்பத்தில் திவான் வீட்டை இணைத்துவிடுங்கள், மகாராஜா. அது போதும்."

"ஏனப்பா?"

"ஊரில் வெளிச்சம் குறைந்தால் கடைசி வீடுதான் முதலில் மங்கும்; மறுநாள் காலையிலேயே தங்கள் காதுக்குச் சேதி வந்துவிடும்."

ராஜா சிரித்த சிரிப்பில் எதிரே இருந்த ரசமும் கவிழ்ந்தது.