தொடாமல் தூக்கிய கதை

மொட்டைக்குளத்து ஆட்களைப் பற்றி உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், பாதியைத்தான் சொல்லியிருப்பார்கள். முழுசாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயம். எனக்கு அந்தப் பயம் கிடையாது.

அந்த ஊர் பால்வாடியில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். சொர்ணத்தாய் டீச்சர், அஞ்சுகம் ஆயா, சமையலுக்குக் கோமதிநாயகம். மூவருக்கும் பிள்ளைகள் என்றால் உயிர். மூளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் அதிகாரியம்மா ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இனிமே தேவையில்லாம பிள்ளைகளைத் தொட்டுத் தூக்கக் கூடாது. கன்னத்தைக் கிள்ளுறது, முத்தம் கொடுக்குறது எதுவும் வேண்டாம். அதுகளோட பாதுகாப்புக்குத்தான் இந்தச் சட்டம். மீறினா வேலை போயிரும். சாயங்காலம் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயமான பேச்சுத்தான். போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை.

"தேவைன்னா எது தேவை டீச்சர்?" என்றாள் அஞ்சுகம்.

"அதை அந்தம்மா சொல்லலியே."

"சொல்லாததை நாம எதுக்குச் செய்யணும்?" என்றார் கோமதிநாயகம். "ஒரேயடியா தொடாம இருந்திருவோம். வம்பே கிடையாது."

அடடா, என்ன தெளிவு என்று இரண்டு பெண்களும் வாயைப் பிளந்தார்கள்.

முதலில் மூக்கு. ஒட்டடைக்கம்பின் நுனியில் துணியைக் கட்டி, டீச்சர் தூரத்தில் நின்று துடைத்தார். ஒழுகிய மூக்குகள் எல்லாம் தப்பித்துக்கொண்டன. ஒழுகாத காதுகள் பளபளவென்று ஆயின. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், திரும்பத் திரும்ப வந்து வரிசையில் நின்றார்கள்.

அடுத்தது கால் கழுவிவிடுவது. கோமதிநாயகம் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை எடுத்துக் குறி பார்த்து அடித்தார். பிள்ளை குனிந்துவிட்டது. தண்ணீர் ஜன்னல் வழியாகப் போய் அடுப்பை அணைத்தது. சாம்பார் இரண்டு பங்காகப் பெருகிவிட்டது என்று அவருக்கு மகா சந்தோஷம்.

இதில் மாட்டிக்கொண்டவள் இசக்கி. மூன்று வயது. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். சாப்பிட்டதும் அஞ்சுகத்தின் மடியில் படுத்தால்தான் இசக்கிக்குத் தூக்கம் வரும். அன்றைக்கும் மடியைத் தேடி வந்தாள். அஞ்சுகம் எழுந்து ஓடினாள். இசக்கி துரத்தினாள். அறையை வலம் வந்து வலம் வந்து, கடைசியில் அஞ்சுகம் மேஜைமேல் ஏறி நின்றுகொண்டாள்.

"என் கண்ணே, கிட்ட வராதே!" என்று அழுதாள். நிஜமான அழுகை. பாவம், அவளுக்கும் மடி காலியாக இருந்தது.

இசக்கி சுற்றுமுற்றும் பார்த்தாள். கழுவிக் கவிழ்க்காமல் வைத்திருந்த சோற்று அண்டா ஒன்று கண்ணில் பட்டது. முக்காலிமேல் ஏறி உள்ளே இறங்கிச் சுருண்டு தூங்கிவிட்டாள். விழித்தபோது வெளியே வர முடியவில்லை. இரண்டு கையையும் நீட்டி, "ஆயா, தூக்கு!" என்று வீறிட்டாள்.

மூவரும் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். குனிந்து தூக்கினால் ஒரு நொடி வேலை.

"தண்ணியை ரொப்புவோம். பிள்ளை தானா மிதந்து மேல வரும்" என்றார் கோமதிநாயகம்.

"சளி பிடிக்கும்" என்று டீச்சர் மறுத்துவிட்டார். நல்லவேளை.

"அண்டாவைச் சாய்ச்சா?" என்றாள் அஞ்சுகம்.

"அண்டா பிள்ளையைத் தொடுது. நாம அண்டாவைத் தொடுதோம். அப்ப நாம தொட்ட கணக்குத்தானே? கரண்டு அப்படித்தானே பாயுது?" என்றார் கோமதிநாயகம்.

மூவரும் பயந்து நாலடி பின்னால் போனார்கள். இசக்கியின் அழுகை ஏறிக்கொண்டே போனது. அஞ்சுகம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, இந்தப் பிள்ளைகளைப் பாருங்க, ஒண்ணையொண்ணு கட்டிப் புரளுது. அதுகளுக்கு மட்டும் சட்டம் இல்லியா?"

"பிள்ளையைப் பிள்ளை தொடலாம்" என்ற டீச்சர், அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம். "அஞ்சுகம், நாம பிள்ளைகளாச் சேர்ந்துட்டா?"

அவ்வளவுதான். மூவரும் கழுத்தில் தண்ணீர் பாட்டில் மாட்டிக்கொண்டார்கள். பாயில் சப்பணம் போட்டு, "உள்ளேன் டீச்சர்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிறகு பாய்ந்து போய் இசக்கியைத் தூக்கினார்கள். அஞ்சுகம் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு விட்ட கண்ணீரில் சட்டையே நனைந்துபோயிற்று. இசக்கி அழுகையை நிறுத்திவிட்டு ஆயாவின் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

சாயங்காலம் இசக்கியின் அம்மா வந்தாள், கூட்டிப்போனாள். மற்ற பிள்ளைகளும் போயாயிற்று. அதிகாரியம்மா வந்து பார்த்தால், பாயில் மூன்று பேர் கை கட்டி வாய்மேல் விரல் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மணி என்ன ஆச்சு! வீட்டுக்குப் போகலியா?"

"அம்மா வந்து கூப்பிடாம பிள்ளைகளை வெளியே விடக் கூடாதுல்லா?" என்றார் டீச்சர்.

அதிகாரியம்மாவுக்குத் தலை சுற்றியது. "எந்திரிங்க முதல்ல!" என்று கோமதிநாயகத்தின் கையைப் பிடித்தார்.

"ஐயோ, தொட்டுட்டாங்க! பிள்ளையைத் தொட்டுட்டாங்க!" என்று மூவரும் போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது.

அதிகாரியம்மா கையை உதறிக்கொண்டு கேட்டார். "சரி, உங்க அம்மாவெல்லாம் எங்க இருக்காங்க? ஆள் அனுப்புறேன்."

"மூணு பேரும் ஒண்ணா காசிக்குப் போயிருக்காங்க" என்றார் கோமதிநாயகம், மீசையைத் துடைத்துக்கொண்டு. "வர எப்படியும் ஒரு மாசம் ஆகும். நாளைக்கு எங்களுக்கு முட்டை உண்டுல்லா?"