வலப்பக்கத்து விளக்கு

"வீட்டுல வச்சுத் தைக்க எந்த லைட்டு வாங்கலாம், டீச்சர்?" என்று கேட்டாள் வடிவு.

கேட்டவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. பதில் சொல்ல வேண்டிய தஸ்லிமா டீச்சருக்கு முப்பத்தொன்று. மேலப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் டீச்சர் தையல் வகுப்பு நடத்தினார். அவருக்கு இடது கைப் பழக்கம். "போயும் போயும் பீச்சாங்கைக்காரிகிட்டயா தையல் படிக்கப் போற?" என்று வடிவின் தெருவில் கேட்டார்கள். "எந்தக் கையா இருந்தா எனக்கென்ன? தையல் நேரா விழுந்தாச் சரி" என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டு வந்து சேர்ந்தாள் வடிவு. அதோடு அந்தக் கையை மறந்தும் போனாள்.

"என்ன தைக்கப் போறீங்க, அக்கா?" என்றார் டீச்சர்.

"மவளுக்குக் கவுன். வக்கீல் கவுன்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. வடிவின் மகள் இசக்கி சட்டம் படித்து முடித்திருந்தாள். அடுத்த வாரம் புதன்கிழமை சென்னையில் அவளை வக்கீலாகப் பதிவு செய்கிறார்கள். முப்பது வருஷம் பீடி சுற்றி அவளைப் படிக்க வைத்தவள் வடிவு. பீடி சுற்றக் கண் வேண்டாம், விரல் போதும். பேச்சு பேச்சாக இருக்கும், தட்டில் பீடி விழுந்துகொண்டே இருக்கும். அந்தப் பீடியில் ஒன்றைக்கூட மகள் தொட்டதில்லை, இவள் தொட விட்டதுமில்லை. மகள் உடம்பில் படுகிற மாதிரி தன் கையால் ஒன்றாவது செய்துவிட வேண்டும் என்பது வடிவின் ஆசை. அதற்காகத்தான் இந்த ஐந்து மாதத் தையல்.

மெஷின் வேலையை வகுப்பிலேயே முடித்தாயிற்று. பாக்கி ஹெம்மிங் மட்டும். கீழ் ஓரத்தையும் கை ஓரத்தையும் உள்ளே மடித்து, வெளியே தெரியாமல் கையால் தைக்க வேண்டும். கறுப்புத் துணி, கறுப்பு நூல். வடிவின் வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு ட்யூப்லைட், அதுவும் முதுகுக்குப் பின்னால்.

"லைட்டு இருக்கட்டும்" என்றார் டீச்சர். "வீட்டுல உக்காருத இடத்துல ஊசியோட உக்காருங்க. நிழல் எங்க விழுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் வாங்கலாம்."

வடிவுக்கு இது பிடிபடவில்லை. விளக்கைக் கேட்டால் நிழலைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்களா? நல்ல கூத்து!

டீச்சர் தொழுவதற்கு உள்ளே போனார். வடிவு மெதுவாக எழுந்துபோய் அவருடைய காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மேசையின் வலது ஓரத்தைக் கவ்விப் பிடித்தபடி ஒரு பச்சை விளக்கு இருந்தது. சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், கழுத்தை வளைக்கலாம், கழற்றி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். போனில் அதைப் படம் எடுத்தாள். எடுத்ததோடு விடாமல், நாற்காலியிலிருந்து எவ்வளவு தூரம், மேசையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பை வைத்து அளந்தும் கொண்டாள். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போதுகூட அவளுக்கு இத்தனை கவனம் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் போன கடையில் கடைக்காரர் ஏழெட்டு விளக்கை எடுத்துப் பரப்பினார். கழுத்தில் மாட்டுவது, நெற்றியில் கட்டுவது, பூதக்கண்ணாடி வைத்தது என்று வகைவகையாக இருந்தன. வடிவு எதையும் பார்க்கவில்லை. போனை நீட்டினாள்.

"இதே வேணும். இதே பச்ச."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

"அப்ப ஒரு நிமிஷம் இந்த ஸ்டூல்ல உக்காந்து, போட்டுப் பாருங்களேன்."

"அதெல்லாம் எங்க டீச்சர் உக்காந்து பாத்தாச்சு. நீங்க பொட்டலம் கட்டுங்க."

மறுநாள் காலைச் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தாள். வளவுக்குள், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வரிசையில் ஒரு வீடு. பகலிலும் ஊசியில் நூல் கோக்க வாசலுக்குத்தான் வர வேண்டும். எதிரே இழுத்துப் போட்ட ஸ்டூலின் வலது ஓரத்தில், அளந்த தூரத்தில், அளந்த உயரத்தில் விளக்கை மாட்டினாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. துணி தெரிந்தது, கை தெரிந்தது, வளையல் தெரிந்தது. ஊசி இறங்குகிற இடம் மட்டும் தெரியவில்லை.

நாலு தையல் போட்டாள். நாலும் நாலு பக்கம் போயின. பொத்தானை அமுக்கி வெளிச்சத்தைக் கூட்டினாள். அந்த இடம் இன்னும் இருட்டானது.

இசக்கி பார்த்துவிட்டு, "யம்மா, அதக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாரேன்" என்றாள்.

"ஏட்டி, டீச்சரே இப்படித்தான் வச்சிருக்காங்க. உன் வாதத்தையெல்லாம் கோர்ட்டுல போயி வச்சுக்கோ."

இரண்டு நாளில் இன்னொரு விளக்கும் வந்தது, முதலாவதைவிடப் பெரியது. அதையும் வலது ஓரத்திலேயே மாட்டினாள். இரண்டு விளக்கு எரிந்தும் நடுவில் இருட்டுதான். தைத்ததைப் பிரித்தாள், பிரித்ததைத் தைத்தாள். விரலில் ஊசி ஏறி ரத்தம் வந்தது. கறுப்புத் துணியில் கறை தெரியவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"கவுன் கடையிலயே கிடைக்கும்மா" என்றாள் இசக்கி, மெதுவாக.

சத்தமாகச் சொல்லியிருந்தால் வடிவு திட்டித் தீர்த்திருப்பாள். மெதுவாகச் சொன்னதால் அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. வகுப்பில் கரண்ட் இல்லை. மற்றவர்கள் யாரும் வரவில்லை. வடிவு மட்டும் நனைந்துகொண்டே வந்து, கவுன் இருந்த பையை டீச்சர் முன்னால் வைத்தாள்.

"என் கண்ணு போச்சு, டீச்சர். நீங்களே முடிச்சுக் குடுத்துருங்க. செவ்வாக்கிழம ரயிலுக்கு அவ கையில கவுன் இருக்கணும்."

"கண்ணு போச்சுன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ரெண்டு லைட்டு வாங்கிட்டேன். ஒண்ணு உங்க லைட்டேதான், அச்சு அசல். அப்பவும் தெரியல. கண்ணு போகாம வேற என்ன?"

டீச்சர் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இங்க உக்காருங்க."

"ஐயோ, உங்க நாற்காலியிலயா?"

"உக்காருங்க, அக்கா. அது ஒண்ணும் கடிக்காது."

வடிவு நுனியில் உட்கார்ந்தாள். டீச்சர் பச்சை விளக்கைப் போட்டார். வடிவு ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். அதே இருட்டு, அதே இடத்தில்.

"பாத்தீங்களா, உங்க லைட்டுலயே தெரியல!" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "முப்பது வருஷம் அந்தப் புகையிலத் தூசியில உக்காந்தேன்லா. அது கண்ணத் தின்னுட்டு போல."

டீச்சர் கையை நீட்டி விளக்கைக் கழற்றினார். மேசையைச் சுற்றி வந்து இடது ஓரத்தில் மாட்டினார்.

ஊசி பளிச்சென்று தெரிந்தது. ஊசிக்கு முன்னால் மடிப்பு தெரிந்தது. மடிப்பில் இழை இழையாகத் தெரிந்தது. கறுப்பில் கறுப்பு இவ்வளவு தெரியுமா! வடிவு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு தையல் போட்டாள். பக்கத்தில் இன்னொன்று போட்டாள். இரண்டும் ஒரே வரிசையில் இருந்தன.

நிமிர்ந்து, ஊசி பிடித்திருந்த தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு, விளக்கின் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்த டீச்சரின் இடது கையைப் பார்த்தாள்.

"ஆத்தாடி!"

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, அக்கா. உங்க கைதான் குறுக்க நின்னுச்சு."

"அஞ்சு மாசமா உங்க கையத்தான பாத்துட்டு இருக்கேன். இது எப்படி மறந்துபோச்சு எனக்கு?"

"தையல் நேரா விழுந்துச்சு. மறந்துட்டீங்க."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீர் காயாமலே சிரித்தாள். மழை விட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. கீழ் ஓரம் முழுவதையும் அங்கேயே தைத்து முடித்தாள். கை ஓரங்களைத் திங்கள்கிழமை காலையில் வீட்டில் முடித்தாள், விளக்கை இடது பக்கம் மாட்டிக்கொண்டு.

புதன்கிழமை சென்னையில், அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு இசக்கி உறுதிமொழி எடுத்தாள். வந்தவர்களெல்லாம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்கள். வடிவு கை ஓரத்தைப் பார்த்தாள். ஒரு தையல்கூட வெளியே தெரியவில்லை. அவளுக்கு இந்த ஜென்மத்துக்கு அது போதும்.

ஊர் திரும்பியதும் லட்டு டப்பாவோடு வகுப்புக்கு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, நேராகக் கரும்பலகைக்குப் போய் சாக்பீஸை எடுத்தாள்.

"என்ன எழுதப் போறீங்க, அக்கா?" என்றார் டீச்சர்.

"லைட்ட இடப்பக்கம் வைக்கணும்னு பெருசா எழுதிப் போடுதேன். இனிமே வர்றவளாவது என்னை மாதிரி ரெண்டு லைட்ட வாங்கி வச்சுக்கிட்டு, கண்ணு போச்சுன்னு ஒப்பாரி வைக்காம இருக்கட்டும். ஒரு வரிதான? இத்தன நாளா நீங்க ஏன் டீச்சர் எழுதிப் போடல?"

டீச்சர் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினார். ஊசி அவர் இடது கையிலேயே இருந்தது.

"நான் தையல் படிச்ச இடத்துல எழுதிப் போட்டிருந்தாங்க, அக்கா. விளக்கு இடப்பக்கம்னு, பெருசா. ரெண்டு வருஷம் எனக்குக் கண்ணு சரியில்லன்னே நெனச்சிட்டிருந்தேன்."