சுத்தியல் காய்த்த மரம்

ரோட்டில் யானை நின்றதால் செக்போஸ்ட் கேட்டைத் திறக்கவில்லை. மரம் அளக்கக் காட்டுக்குப் புறப்பட்ட ஜீப்பும் அப்படியே நின்றுவிட்டது. அதில் டேப் பிடிக்க ஓர் ஆளுக்குத்தான் இடம். வந்து நின்றதோ இரண்டு பேர்: மாசானமும் அவன் தங்கச்சி மாப்பிள்ளை சொர்ணப்பனும். யாரைக் கூட்டிப் போவது என்று, மரக் கணக்கெடுப்பு நடத்தும் ஜெசிந்தா மேடம் இன்னும் முடிவு செய்யவில்லை. யானை நகர்வதற்குள் தன் அருமை பெருமையை அந்த அம்மா காதில் போட்டுவிட வேண்டும் என்று மாசானத்துக்குத் தவிப்பு. டிரைவரிடம் சொல்வதுபோல ஆரம்பித்தான்.

"போன தடவை உள்காட்டுல சதுரமாக் கயித்தைக் கட்டி, அதுக்குள்ள நிக்க மரம் அம்புட்டையும் அளந்தோம்லா? ஒரு நாங்கு மரம். டேப்பைச் சுத்துதேன், பத்தல. வேட்டியை அவுத்து முடிஞ்சேன், பத்தல. நடையா நடந்து சுத்தி வாறேன், எனக்கு முன்னால எவனோ கோவணத்தோட போறான். யாருலேன்னு அதட்டினேன். பாத்தா, அது நான்தான்!"

"மூஞ்சியைப் பாத்தீரா மச்சான்?" என்றான் சொர்ணப்பன்.

"முதுகுதான் தெரிஞ்சுது. நம்ம முதுகு நமக்குத் தெரியாதா மாப்ள?"

டிரைவர் சிரித்தான். மேடம் யானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாசானம் குரலைக் கூட்டினான்.

"அதுல நம்பர் தகடு அடிக்கணும். ஆணியை வச்சு ஒரு போடு போட்டேன். மரம் வளர்ற வேகத்துல ஆணி, தகடு, சுத்தியல் எல்லாத்தையும் முழுங்கிட்டு. கையை உருவுறதுக்குள்ள உயிர் போயிட்டு. மறுவருசம் போய்ப் பாக்கேன், கிளைக்குக் கிளை சுத்தியல் காய்ச்சுத் தொங்குது!"

"பழுத்துதா?" என்றான் சொர்ணப்பன்.

"காட்டுக்குள்ள உலை ஏது வே, இரும்பு பழுக்க? கொஞ்சமாவது யோசிச்சுக் கேளும்."

மேடம் சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டதை மாசானம் கவனித்துவிட்டான். பிறகு அவனைப் பிடிக்க முடியுமா?

"என்ன இனம்னு பாக்க உச்சி இலை வேணும்னாவ. ஏறினேன். கீழ மழை, பாதியில பனி, உச்சியில சித்திரை வெயில். புதன்கிழமை ஏறினவன் மேல போனா, அங்க வியாழக்கிழமை நடக்கு! இலையைக் கிள்ளிப் போட்டுட்டு எறங்கி வந்து, சோறு பொங்கித் தின்னு, ஒரு தூக்கமும் போட்டேன். எந்திரிச்சுக் கையை நீட்டுதேன், அப்பத்தான் இலை வந்து விழுது."

"உம்ம நாக்கு இன்னும் எறங்கி வரலியோ?"

அதைக் காதில் வாங்காமல் மாசானம் நேராக மேடம் பக்கமே திரும்பிவிட்டான். "காடு நல்லாருக்கா, சீக்குப் பிடிச்சிருக்கான்னும் பாக்கணும்லா மேடம்? வேரைப் பிடிச்சு நாடி பாத்தேன். காட்டுக்கே சளி! சுக்கும் மிளகும் தட்டி ஓடையில கரைச்சு விட்டேன். ஒரு தும்மல் தும்முச்சு பாருங்க, அந்தச் சாரல்தான் இன்னைக்கும் குத்தாலத்துல அடிக்கு!"

யானை மெதுவாகப் புதருக்குள் இறங்கியது. கேட் திறந்தது. மாசானம் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், மலை பூராவும் அளந்து முடிக்க எத்தனை வருசம் ஆவும்?" என்று பேச்சை நீட்டினான்.

"பூராவும் ஏன் அளக்கணும் அண்ணாச்சி? அங்கங்க ஒரு துண்டு அளப்போம். அதை வச்சு மலை முழுக்க எத்தனை வகை மரம் இருக்கும், காடு எப்படி இருக்குன்னு சொல்லிருவோம்."

"நாம காலே வைக்காத இடத்து மரத்தையுமா?"

"அதையும் ஓரளவு சொல்லலாம்."

மாசானம் சொர்ணப்பன் காதருகே குனிந்து, "ஏ மாப்ள, மேடம் நம்மளைத் தூக்கிச் சாப்பிட்டுட்டாவளே!" என்றான்.

அது மேடத்துக்கும் கேட்டுவிட்டது.

"உங்க பேச்சும் அப்படித்தான் அண்ணாச்சி. ஒரு துண்டு கேட்டாச்சு. மிச்சம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சு போச்சு."

மாசானத்துக்கு முகம் தொங்கிப்போனது. மேடம் பின்சீட்டில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஏறுங்க. நீங்க டேப்பைப் பிடிங்க. அதுல உள்ள அளவை உங்க மாப்பிள்ளை வாசிக்கட்டும்."