நாரை நடத்திய நம்பிக்கைக் கூட்டம்

காட்டோரம் இருந்த நெட்டிக்குளத்துக்கு ஒரு நாரை தலைவராக இருந்தது. ஒவ்வோர் ஆடி மாதமும் குளத்து உயிர்கள் கூடி வரத்து வாய்க்காலைத் தூர் வாரும். நண்டு மண்ணை வெட்டும். தவளை அதைப் பின்காலால் தள்ளும். ஆமை முதுகில் சுமந்து கரையேற்றும். நாரை ஒற்றைக் காலில் நின்று மேற்பார்வை பார்க்கும்.

ஈராண்டாக மழை பொய்த்தது. குளம் குட்டையாயிற்று. வேலைக்குக் கூலியாகக் கிடைத்த தாமரைக் கிழங்கு பாதியாயிற்று. தவளையின் தலைப்பிரட்டைகள், நாரையின் கணுக்கால் அளவு நீரில் நெருக்கியடித்து நெளிந்தன. நாரைக்கு மட்டும் குறையில்லை. நீர் வற்ற வற்ற, மீன்கள் அதன் காலடிக்கே வந்து சேர்ந்தன.

ஆடி பிறந்தது. உழைத்தவை முணுமுணுத்தன. உடனே நாரை ஓர் ஓணானை அழைத்து வந்தது.

"இவர்தான் நம் புதிய நம்பிக்கை அதிகாரி! நம் குளத்தில் குறைந்திருப்பது நீர் அன்று, நம்பிக்கை!"

ஓணான் தலையாட்டியது.

அன்றோடு தூர் வாருவது நின்றது. விடிந்தது முதல் வெயில் ஏறும்வரை எல்லாம் கரையில் வரிசையாக அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டு, நூறு முறை கூவ வேண்டும்: "குளம் தளும்புகிறது!" கூவி முடித்ததும் தொண்டை வறளும். குடிக்கக் குட்டைக்கு ஓடும். குட்டை இன்னும் சிறிது குறையும்.

பத்தாம் நாள் நண்டு கொடுக்கை உயர்த்தியது.

"ஐயா, வாய்க்கால் வாயில் மண் மேடிட்டுக் கிடக்கிறது. மழை வந்தால் நீர் எந்த வழியாக உள்ளே வரும்?"

"கேட்டீர்களா! இந்தப் பேச்சுதான் மழையை விரட்டுகிறது!" என்று அலகை நீட்டியது நாரை. "பக்கவாட்டிலேயே நடப்பவனுக்கு முன்னேற்றம் எங்கே விளங்கும்? இன்றுமுதல் உனக்கு வேலை இல்லை!"

ஓணான் தலையாட்டியது. ஆமை தன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"வேலை இல்லையா? நல்லது ஐயா, இனியாவது வேலை செய்யலாம்!" என்று சொல்லிவிட்டு நண்டு வாய்க்காலை நோக்கி நடந்தது, பக்கவாட்டிலேயே.

கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்கக் கூவியது தவளைதான். பிள்ளைக்காரி, தன் வேலையும் போய்விடுமோ என்ற அச்சம். ஆனால் ஒரு நாள், கூவும்போதே ஒரு கண்ணைத் திறந்து குட்டையைப் பார்த்தது. தலைப்பிரட்டைகளின் முதுகு நீருக்கு மேலே தெரிந்தது. தவளை அங்கிருந்து ஒரே தாவலாகத் தாவி வாய்க்காலுக்கு வந்தது.

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்கள். மழை வரும் என்று நீங்கள் நம்புகிறீர்களா?"

"நம்பாமலா தங்கச்சி இந்த மேட்டோடு மல்லுக்கட்டுகிறேன்? பேசியது போதும். தள்ளு!"

இரண்டே உயிர்களால் மேட்டை அகற்ற முடியவில்லை. அடியில் ஒரு பாம்பு நுழையும் அளவுக்குத்தான் வழி திறந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது.

"நான் சொல்லவில்லையா! நம் நம்பிக்கை வென்றது!" என்று சிறகை விரித்தது நாரை.

வாய்க்காலில் வெள்ளம் இரைந்து வந்தது. மண்மேட்டில் முட்டியது. நின்றது. திரும்பி, தாழ்வாக இருந்த முட்காட்டுக்குள் பாய்ந்து ஓடிவிட்டது.

நண்டும் தவளையும் குடைந்த வழியில் மட்டும் நீர் சலசலவென்று உள்ளே வந்தது, மறுநாளும் வந்தது. குட்டை நிறைந்தது. தலைப்பிரட்டைகள் நீருக்குள் மூழ்கி வாலை வீசி நீந்தின. மீன்களோ நாரையின் காலடியை விட்டு ஆழத்துக்குப் போய்விட்டன.

"உங்கள் நம்பிக்கை போதவில்லை! அதனால்தான் குளம் நிறையவில்லை!" என்று கடிந்துகொண்டு, நாரை பக்கத்து ஏரிக்குப் பறந்தது. மறுநாள் காலையில் அந்தத் திசையிலிருந்து ஒரு கூவல் கேட்டது: "ஏரி தளும்புகிறது!"

ஆமை தலையை வெளியே நீட்டி, நண்டின் முன் வந்து நின்றது.

"அண்ணே, முதுகில் மண்ணை ஏற்று. கார்த்திகை மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது."

ஓணானிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. ஆயினும் அது தலையாட்டிக்கொண்டே இருந்தது.

பிள்ளைகளே, நல்ல காலம் வரும் என்று மெய்யாகவே நம்புகிறவர் அது வரும் வழியைத் திருத்தி வைப்பார். கண்ணை மூடிக் கூவச் சொல்பவரோ தம் இரை தீரும்வரைதான் உங்களோடு இருப்பார்.