கெண்டியின் மூக்கு

புளியும் சாம்பலும் போட்டு சபூரா கெண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் மதரஸாவில் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்ய வைத்திருக்கும் பித்தளைக் கெண்டி. தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

பாடம் நடத்தும் ஆலிமா முனவ்வரா அவளைவிட வயதில் சின்னவள்.

"என்ன லாத்தா, அதுல முகம் பாக்குறீங்களா?"

"ஒண்ணு கேக்கணும் ஆலிமா. வெக்கமா இருக்கு."

"வெக்கப்பட்டுக்கிட்டே கேளுங்க."

சபூரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மகன் தாரிக் முற்றத்தில் பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தான்.

"புள்ள ஒண்ணுக்குப் போறப்ப அழுவுறான். முனைத்தோல் இறுக்கமா இருக்காம். கழுவிக் கழுவி விட்டும் மறுபடி சீழ் வச்சு காச்சல் வந்துருச்சு. உடனே சுன்னத்து செஞ்சிரணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"செஞ்சிர வேண்டியதுதானே?"

"மாமி விட மாட்டேங்குறாங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கொழுந்தன் துபாய்லேருந்து வரணுமாம். குதிரை ஊர்வலம், தெருவுக்கே பிரியாணி. கமுக்கமா ஆஸ்பத்திரியில முடிச்சா, புள்ளைக்கு ஏதோ கோளாறுன்னு ஊரு பேசுமாம். அவங்க மகனும் உம்மா பேச்சுக்கு மறுபேச்சு பேச மாட்டாங்க. விருந்து இல்லாம செஞ்சா குறையா ஆலிமா?"

ஆலிமா கை இரண்டையும் நீட்டினாள்.

"தண்ணி ஊத்துங்க. ஒளுச் செய்யணும்."

சபூரா கெண்டியை நிரப்பிச் சாய்த்தாள். வெயில் பட்டு அது தங்கமாய் மின்னியது. மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது, அதுவும் பச்சையாக.

"அய்ய, மூக்குல களிம்பு அடைச்சிருக்கு." விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினாள்.

ஆலிமா அவள் கையைப் பிடித்தாள். "இருங்க லாத்தா. பெருநாள் வரட்டும். துபாய்க்காரங்க வரட்டும். தெருவே கூடி நிக்கையில குத்திக்கலாம்."

"அதுவரைக்கும் எப்படி ஒளு..."

சபூரா முற்றத்தில் இருந்த மகனைத் திரும்பிப் பார்த்தாள். ஈர்க்கை மூக்குக்குள் விட்டுக் குடைந்தாள். நன்றாகக் கழுவி, மறுபடி நிரப்பி ஊற்றினாள். ஆலிமா முழங்கை வரை கழுவி முடிக்கும்வரை தண்ணீர் தடையில்லாமல் வந்தது.

பிறகு சபூரா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மாமியோடு போனில் அவள் இதுவரை 'ம்' தவிர எதுவும் பேசியதில்லை.

"மாமி, சபூரா பேசுறேன். விருந்தை நீங்க சொன்ன மாதிரியே பெருநாளைக்கு வைங்க. குதிரையும் வரட்டும். அரிசி நானே களைஞ்சு தர்றேன். ஊரு பேசுனா பேசட்டும் மாமி. ஆனா தாரிக்கை நாளைக் காலையில நான் ஆஸ்பத்திரிக்கு..."

"உம்மா, வலிக்குது." முற்றத்துச் சுவரோரம் பையன் காற்சட்டையைப் பிடித்தபடி நின்றான்.

போனை ஆலிமாவின் ஈரக்கையில் வைத்துவிட்டு சபூரா ஓடினாள்.

"ஆஸ்பத்திரிக்கு? என்னடி, பாதியில நிறுத்திட்டே?" என்றது போன்.

ஆலிமா அதைக் காதில் வைத்தாள்.

"மிச்சத்த அவங்க வந்து சொல்வாங்க மாமி. புள்ள கூப்பிடுது."