கீரி கேட்ட சட்டம்

தாமரைக்குளத்துக் கால்பந்து அணிக்கு முன்னால் நின்று கோல் அடிப்பது செவலைக் கீரிதான். பல வருஷமாக அந்த இடம் அதற்குத்தான். இந்த வருஷம் அணியில் ஒரு நாரை வந்து சேர்ந்தது. அடேயப்பா, அது காலா! பயிற்சியிலேயே மூன்று கோல்! மலைக்காட்டு அணியோடு ஆட்டம் நெருங்க நெருங்க, செவலைக்கு இரையே இறங்கவில்லை. தன் இடம் போய்விடுமே!

நேரே நடுவர் ஆந்தையிடம் ஓடியது.

"ஐயா, காட்டுக்குக் காடு மோதுற போட்டி இது! நாரை நம்ம ஊரே இல்லை. பாதி வருஷம் எங்கேயோ பறந்துடுது. அஞ்சு வருஷம் குளத்தை விட்டு நகராதவங்கதான் குளத்துக்கு ஆடணும்னு சட்டம் போடுங்க!"

"போடலாம். ஆனா சட்டம்னா எல்லாருக்கும்தான், தெரியுமில்ல?"

"பேஷா போடுங்க!"

ஆட்ட நாளும் வந்தது. ஆந்தை ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. நாரை முதலிலேயே வெளியே. செவலைக்கு ஒரே குஷி!

"குரங்கே, போன கோடையில குளம் வத்திப்போச்சே, எங்கே இருந்தே?"

"தண்ணி தேடி ஆத்தங்கரைக்குப் போனேன் ஐயா."

"நீயும் வெளியே!"

முயலும் ஆற்றங்கரைக்குத்தான் போயிருந்தது. மானும் மற்றவர்களும் அப்படியே.

"செவலை, நீ?"

கீரி திருதிருவென்று விழித்தது. "நான்... எங்க சித்தி வளைக்கு..."

"வெளியே!"

மிஞ்சியது, கோடை முழுக்கச் சேற்றுக்குள் புதைந்து கிடந்த நண்டு ஒன்றுதான். பாவம், எதிரே பதினோரு பேர்! மலைக்காட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சட்டம் கேட்டவங்களே வேண்டாம்னு சொன்னாத்தான் அதை நீக்க முடியும்" என்றது ஆந்தை. "ஏன் கேட்டே செவலை? உண்மையைச் சொல்லு!"

செவலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லார் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டது.

"பொறாமைதான் ஐயா. என் இடம் போயிடும்னு பயந்துட்டேன். நாரை முட்டையிலிருந்து வெளியே வந்ததே நம்ம கரைக் கருவேல மரத்துலதான். எங்களை மாதிரி அதுவும் போகுது, திரும்பி வந்துடுது. அதுவே ஆடட்டும். நான் உட்கார்ந்துக்கறேன்."

ஆந்தை சட்டம் எழுதிய இலையைக் கிழித்துப் போட்டது.

நாரை வந்து செவலையின் முதுகில் அலகால் செல்லமாக ஒரு தட்டு தட்டியது.

"உட்கார்றதாவது! எழுந்திரு அசடே! நான் ஓடிப் பந்தைத் தர்றேன், நீ அடி!"

தந்தது. அடித்தது. அந்த ஒரே கோலில் குளம் ஜெயித்தது!

பிறரை வெளியே நிறுத்த நாம் கேட்கும் சட்டம் நம்மையும் வெளியே நிறுத்திவிடும்.