‘வடி’ என்றொரு ஃபங்ஷன்

சவரிராயன் இருபத்தாறு வருடம் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். ஐம்பத்திரண்டு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தார். திருச்சியில், ஒரு ரத்த வங்கிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த சிறிய அலுவலகம் அது. அவருக்குக் கற்றுக்கொடுத்த தமயந்திக்கு வயது முப்பத்து நான்கு.

அங்கே எல்லாவற்றையும் சிறுசிறு ஃபங்ஷன்களாக, ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யும் நிரல் துண்டுகளாக, எழுதினார்கள். ஒன்று தரும் விடையை அடுத்தது வாங்கிக்கொள்ளும். பெயர்களைத் தமிழிலேயே வைத்தார்கள். எல்லோருக்கும் அடிக்கடி தேவைப்படும் நாற்பது ஃபங்ஷன்களை எழுதித் தரும்படி தமயந்தி சவரிராயனிடம் சொல்லியிருந்தார்.

பத்து நாளில் முடித்தார். எந்தப் பெயரும் இரண்டு எழுத்தைத் தாண்டவில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் மாற்றித் தருவது ‘மா’. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விடையாக்குவது ‘மடி’. நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துத் தருவது ‘வடி’.

“பேர் சின்னதா இருக்கணுமா, புரியற மாதிரி இருக்கணுமா மேடம்?” என்று கேட்டார். குரலில் சந்தேகத்தைவிடப் பெருமை அதிகம்.

“உங்களுக்கு எப்படித் தோணுது சார்?”

“கணக்குல ஒத்தை எழுத்துல உலகத்தையே சொல்லிடுவோம். அடிக்கடி வர்றதுக்கெல்லாம் நீளமா வச்சா கண்ணுதான் வலிக்கும்.”

“சரி, வச்சுக்குங்க” என்றார் தமயந்தி.

மூன்று வாரம் போனது. ஒருநாள் சவரிராயன் கண் பரிசோதனைக்காக விடுப்பில் இருந்தார். கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் கொடுத்தவர்களுக்கு மறுபடி ரத்தம் கேட்டு அழைப்புச் செய்தி போகக் கூடாது என்று ரத்த வங்கியிலிருந்து சொன்னார்கள். அந்த வேலை மெஹருன்னிசாவிடம் வந்தது. குழுவில் அவள்தான் சீக்கிரம் முடிப்பவள். ‘வடி’யை எடுத்தாள். மூன்று மாதத்துக்குள் கொடுத்தவர் என்ற நிபந்தனையை அதற்குக் கொடுத்தாள். பட்டியல் வந்தது. பார்த்தால் பிழை எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை ரத்த வங்கியிலிருந்து தொலைபேசி. ஒரு பெண்ணுக்கு அறுவை சிகிச்சை. ஓ நெகட்டிவ் வேண்டும். அழைப்பு கிடைத்து வந்திருக்கும் ஆறு பேரும் சமீபத்தில்தான் கொடுத்தவர்கள். கொடுக்கக்கூடிய ஒருவருக்குக்கூட அழைப்பு போகவில்லை.

தமயந்தி யாரையும் திட்டவில்லை. வடிக்கும் முன்பிருந்த முழுப் பட்டியலை மெஹருன்னிசாவிடம் கொடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொன்னார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, அன்று வேலைக்கு வந்திருந்த சவரிராயனிடம், “சார், வாங்க போயிட்டு வருவோம்” என்றார்.

ரத்த வங்கி வாசலில், முசிறியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் நின்றிருந்தார். முதல் பஸ் பிடித்து வந்தவர்.

“பதினெட்டு நாள்தான் ஆச்சு சார். நீங்களே எடுத்துட்டு நீங்களே மறுபடி கூப்பிடறீங்க. அவசரம்னு போட்டிருந்துச்சு, அதான் பட்டறையைப் பூட்டிட்டு வந்தேன்.”

உள்ளே பெஞ்சில் அந்தப் பெண்ணின் கணவர் உட்கார்ந்திருந்தார். யார் உள்ளே நுழைந்தாலும் எழுந்து நின்றார்.

பகல் பன்னிரண்டு மணிக்குள் மெஹருன்னிசா இருவரைப் பிடித்துவிட்டாள். அறுவை சிகிச்சை நான்கு மணி நேரம் தாமதமாகத் தொடங்கி நல்லபடியாக முடிந்தது. அதுவரை சவரிராயன் அந்தக் கணவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அலுவலகம் திரும்பியதும் மெஹருன்னிசாவிடம் கேட்டார்:

“வடின்னா எடுத்து வச்சுக்கறதும்மா. நீ எப்படி எடுத்துக்கிட்டே?”

“சோறு வடிச்சா கஞ்சி வெளியே போயிடும்ல சார்? அந்த மாதிரி, மூணு மாசத்துக்குள்ள கொடுத்தவங்க வெளியே போயிடுவாங்கன்னு நினைச்சேன். நீங்க என்ன நினைச்சு வச்சீங்க?”

“டீயை நினைச்சேன்” என்றார் சவரிராயன். “வடிச்சு இறங்கறதைத்தானே குடிக்கிறோம்.”

அடுத்த நான்கு நாளில் அவர் நாற்பது பெயர்களையும் மாற்றினார். இப்போது ஒவ்வொரு பெயரும் ஒரு முழு வாக்கியம். ஒரு வரியில் அடங்கியது நான்கு வரிக்கு ஓடியது. பெயர்களை அச்செடுத்துத் தமயந்தியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

“இனி யாருக்கும் சந்தேகமே வராது மேடம்.”

தமயந்தி தாளைப் பார்க்கவில்லை. மெஹருன்னிசாவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

“நீங்க வாசிங்க சார். மெஹர் தட்டச்சு பண்ணட்டும்.”

சவரிராயன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். “பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் மாற்றி அதே வரிசையில் புதிய…”

“ஒவ்வொன்றையும் மாற்றுன்னு சொன்னப்பவே புரிஞ்சிருச்சு சார். அது முந்நூறு இடத்துல வருது. அடுத்தது சொல்லுங்க” என்று குறுக்கிட்டாள் மெஹருன்னிசா.

அவர் கொஞ்சம் தயங்கி அடுத்ததை வாசித்தார். “கொடுக்கப்பட்ட நிபந்தனையின் அடிப்படையில் மூலப் பட்டியலின் உறுப்புகளைச் சோதித்துப் பிரி.”

மெஹருன்னிசாவின் விரல்கள் நின்றன.

“பொருந்தறதை வச்சுக்கறதா சார், விட்டுடறதா?”

சவரிராயன் தாளைப் பார்த்தார். அந்தப் பெயரில் அது மட்டும் இல்லை.

“ரெண்டு எழுத்து வச்சேன், தப்பாப் போச்சு. நாற்பது எழுத்து வச்சேன், அதுவும் தப்பு. எத்தனை எழுத்துதான் வைக்கிறது மேடம்?”

தமயந்தி ஒரு பேனாவை அவரிடம் நீட்டினார்.

“மெஹர் குறுக்கே பேசின இடத்துல வெட்டுங்க. கேள்வி கேட்ட இடத்துல எழுதுங்க.”